தீர்த்தக் கரையில் காவல் யார்?

மூர்த்தி, தலம், தீர்த்தம் என மூன்றையும் ஒருசேரப் போற்றுவது நம் சமய மரபு. மூர்த்திக்குக் காவல் உண்டு. கருவறைக்குப் பூட்டும், உற்சவரின் அணிகலன்களுக்குப் பெட்டகமும், அவற்றைக் குறித்து வைக்கக் கணக்கேடும் உண்டு. தலத்துக்கும் காவல் உண்டு. மதிலும் இரும்புக் கதவும் போதாவென்று இக்காலத்தில் கண்காணிப்புக் கேமராவும் பொருத்தியிருக்கிறோம். தீர்த்தத்துக்கு மட்டுமே காவல் இல்லை. மேளதாளத்தோடு நூற்றுக்கணக்கான அன்பர்களை நீர்க்கரைக்கு அழைத்துச் செல்லும் ஆலய நிர்வாகங்களுள், அவர்களில் ஒருவர் நீரில் தடுமாறினால் செய்ய வேண்டியதை முறையாகக் கற்ற ஒருவரையேனும் கரையில் நிறுத்துவோர் எத்தனை பேர் என்பதை நெஞ்சில் கைவைத்துச் சிந்திக்க வேண்டும்.

மாசி மகத்தின் வரலாற்றை மெய்யன்பர்கள் அறிவர். கட்டுண்டு கடலுக்குள் கிடந்த வருணனைச் சிவபெருமான் விடுவித்தருளிய நாள் அது என்று பெரியோர் கூறுவர். நீரின் அதிபதியே நீருக்குள் மூச்சடங்கித் தவித்து, இறையருளால் மீண்ட நாளில், நாம் தீர்த்தமாட இறங்குகிறோம். அந்த நாளில் நம்மவர் ஒருவர் நீருக்குப் பலியாவாராயின், விழாவின் பொருள் என்னாவது?

பாகான் நக்கோடா ஓமார் கரையை அறியாத வெளியூர் அன்பர்களுக்காகச் சில சொற்கள். நம்முடையது வெண்மணல் கடற்கரை அன்று, சேற்றுக் கடற்கரை. நீர் வற்றியிருக்கும் வேளையில் கண்ணுக்கெட்டிய தூரம் சேற்று வெளியாகத் தெரியும். குழந்தைகள் அதனை விளையாட்டுத் திடல் என்று எண்ணி நடந்துவிடுவர். கணுக்கால் அளவு புதைந்த கால், பத்தடி சென்றதும் முழங்கால் அளவு புதையும். ஏற்றம் தொடங்கியதும் நீர் நேர்முகமாக மட்டும் வருவதில்லை. சேற்றிடையே உள்ள சிறு ஓடைகளில் முதலில் நிறைந்து, சென்றவரின் முதுகுப்புறமாக வழியை அடைத்துவிடும். இங்குள்ள மலாய், சீன மீனவர்கள் இதனைக் கைரேகைபோல் அறிவார்கள். தோட்டங்களிலிருந்து பேருந்து பிடித்து வரும் நம் மக்கள் அறியமாட்டார்கள்.

இதனினும் முக்கியமானது ஒன்று உண்டு. மாசி மகம் முழுநிலவை ஒட்டி வரும் நாள். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் ஏற்றமும் வற்றும் மிகுதி என்பது கடலின் இயல்பு. கிள்ளான் துறைமுகப் பகுதியில் அத்தகைய நாள்களில் இரண்டுக்குமிடையே நான்கு மீட்டருக்கும் மேற்பட்ட வேறுபாடு ஏற்படுவதுண்டு. ஏறக்குறைய ஆறு மணி நேரத்தில் அவ்வளவு நீரும் ஏறிவிடும். அதுவும் ஒரே வேகத்தில் ஏறுவதில்லை. மூன்றாவது, நான்காவது மணி நேரங்களில்தான் வேகம் உச்சமாயிருக்கும். அதாவது, ஆண்டில் நாம் கூட்டமாகக் கடலில் இறங்கும் நாள், கடல் மிகவும் மாறும் நாள்களுள் ஒன்றாக அமைகிறது. தீர்த்தவாரிக்கு நேரம் குறிக்கப் பஞ்சாங்கத்தைப் புரட்டுகிறோம். அதனோடு தேசிய நீரளவியல் மையம் ஆண்டுதோறும் வெளியிடும் ஏற்றவற்று அட்டவணையையும் புரட்டுவதில் சாத்திரக் குறைவு எதுவுமில்லை.

கடலை மட்டும் குறை கூறுவதற்கில்லை. வடசிலாங்கூரில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. பெர்ணம் ஆறு இருக்கிறது. தஞ்சோங் காராங் முதல் சபாக் பெர்ணம் வரை வயல்களுக்கு நீர் கொண்டு செல்லும் வாய்க்கால்களும் மதகுகளும் இருக்கின்றன. பத்தாங் பெர்ஜுந்தை என்று நாம் அழைத்துப் பழகிய பெஸ்தாரி ஜெயா பக்கம் கைவிடப்பட்ட ஈயக்குட்டைகள் இருக்கின்றன. கருமக்கிரியைக்கென ஆற்றங்கரைக்கும் முகத்துவாரத்துக்கும் செல்லும் குடும்பத்தார், துயரத்தில் கால் வைக்கும் இடம் பாராமல் இறங்குகின்றனர். அவ்வளவு நீருக்கு நடுவில் வாழும் நம் பிள்ளைகளில் நீச்சல் அறிந்தோர் மிகச் சிலரே. தோட்டத்துப் பள்ளிகளுக்கு நீச்சல் குளம் ஏது?

ஆகவே, ஒவ்வோர் ஆலயமும் தன் இளைஞர் பகுதியிலிருந்தும் மகளிர் பகுதியிலிருந்தும் சிலரைத் தேர்ந்தெடுத்து, ஆலயச் செலவிலேயே உயிர்காப்புப் பயிற்சிக்கு அனுப்ப வேண்டும் என்பது அடியேனின் கருத்து. எங்கள் நிர்வாகக் கூட்டத்தில் இதனை முன்வைத்தபோது எழுந்த மறுப்புகள் இரண்டு. மற்ற ஆலயங்களிலும் அவையே எழும் என்பதால் இங்கே குறிப்பிடுகிறேன்.

முதலாவது, "கடவுள் காரியத்தில் அபசகுனமாகப் பேசலாமா? காப்பாற்றுகிறவன் அவன் அல்லவா?" என்பது. கூறியவர் வயதில் மூத்தவர். பக்தியில் என்னினும் உயர்ந்தவர். அப்பரடிகளைக் கல்லோடு பிணைத்துக் கடலில் இட்டபோது, அந்தக் கல்லே தெப்பமாகிக் கரை சேர்த்தது என்பதை நாம் அனைவரும் நம்புகிறோம். ஆனால் அடிகள் தாமாகச் சென்று கடலில் குதிக்கவில்லை, பகைவர் தள்ளினர். நமக்கு அப்பக்தி வாய்த்திருக்கிறதா என்று பிறர் வீட்டுப் பிள்ளையைக் கொண்டு சோதித்துப் பார்க்க நமக்கு உரிமையில்லை.

இரண்டாவது, "999க்கு அழைத்தால் தீயணைப்பு மீட்புப் படையினர் வருவார்களே?" என்பது. வருவார்கள், விரைந்தும் வருவார்கள். ஆனால் மூச்சு நின்ற மூளை நான்கைந்து நிமிடங்களுக்குமேல் சேதமின்றித் தாங்காது. எந்த நிலையத்திலிருந்து வண்டி புறப்பட்டாலும், விழாக் கூட்டத்தைக் கடந்து நம் கரைக்கு வந்து சேர அந்த நிமிடங்கள் போதா. அழைப்பது கட்டாயக் கடமை. அவர்கள் வந்து சேரும்வரை என்ன செய்வது என்பதே கேள்வி.

இனி, பயிற்சிக்குச் செல்வோரும் அவர்தம் பெற்றோரும் எதனை எதிர்பார்க்க வேண்டும் என்பதற்கு வருகிறேன். இந்நாட்டில் இப்பயிற்சியை மலேசிய உயிர்காப்புச் சங்கம் நடத்திவருகிறது. பொதுத் தற்காப்புப் படையினரும், தீயணைப்பு மீட்புத் துறையினரும் நீர்மீட்பில் தேர்ந்தவர்கள், கேட்டால் வழிகாட்டுவார்கள். 1891ஆம் ஆண்டில் இலண்டனில் தொடங்கப்பெற்ற ஒரு சங்கத்தின் வழியாகப் பல நாடுகளுக்குப் பரவிய கலை இது. பல இடங்களில் பதினாறு வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பர். நீச்சல் குளம் நம் பக்கத்தில் இல்லாமையால் கிள்ளான், ஷா ஆலாம் பக்கம் சென்றுவர வேண்டியிருக்கும். அந்தப் பயணச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பலர் தவறாக எண்ணுவது யாதெனில், இங்கே நீச்சல் கற்றுத் தருவார்கள் என்பது. அன்று. நன்றாக நீந்தத் தெரிந்தவர்களைத்தான் சேர்ப்பார்கள். நிற்காமல் நெடுந்தூரம் நீந்தவும், கைகளை ஊன்றாமல் நீரில் நின்றபடி மிதக்கவும், குளத்தின் அடியில் கிடக்கும் கனமான பொருளை மூழ்கி எடுக்கவும் சொல்வார்கள். ஆகவே பயிற்சிக்கு முன்னரே மூன்று நான்கு மாதங்கள் நீச்சல் பழக வேண்டும். எங்கள் ஆலயத்திலிருந்து சென்ற மூவரில் ஒருவர், ஊரில் வாய்க்காலை நூறு முறை கடந்தவர் என்று பெயர் பெற்றவர். முதல் நாளிலேயே மூச்சு வாங்கித் திரும்பினார். மூன்று மாதம் கழித்து மீண்டும் சென்று தேறினார் என்பதையும் எழுதிவிட வேண்டும். இல்லையேல் வீட்டுக்கு வந்து சண்டையிடுவார்.

குளத்தின் ஓரத்தில் அமர்ந்து சில வகுப்புகளைக் கவனித்தேன். அங்கே முதலில் கற்பிப்பது பாய்வதை அன்று, பார்ப்பதை. மூழ்குகிறவர் "காப்பாற்றுங்கள்" என்று கூவிக் கையசைப்பார் என்பது திரைப்படம் நமக்குக் கற்பித்த பொய். நியூயார்க்கு நகரின் ஒரு கடற்கரையில் காவலராயிருந்த பிராங்க் பியா என்பவர், மூழ்குவோரைப் படம்பிடித்து ஆராய்ந்து இதனை உலகுக்கு விளக்கினார். உண்மையில் மூழ்குகிறவர் ஓசை எழுப்புவதில்லை. மூச்சுக்கே வாய் போதாதபோது கூவுவதற்கு எங்கே இடம்? தலை பின்னோக்கிச் சாய்ந்து, வாய் நீர்மட்டத்தில் எழுந்தும் அமிழ்ந்தும், கைகள் இருபுறமும் நீரைக் கீழே அழுத்திக்கொண்டிருக்கும். ஏணியில் ஏற முயல்பவரைப்போல் தோன்றும். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். நாதஸ்வரமும் தவிலும் ஒலிபெருக்கியும் முழங்கும் தீர்த்தக் கரையில், முழுக்குப் போடும் இருநூறு தலைகளுக்கு நடுவில், மீண்டும் எழாத ஒரு தலையைக் கண்டுகொள்வது பழக்கப்படாத கண்ணுக்கு இயலாது. அந்தக் கண்ணைத்தான் பயிற்சி தருகிறது.

அடுத்து, நீரில் இறங்காமல் காப்பாற்றுவது எவ்வாறு என்பதைக் கற்பிக்கிறார்கள். முதலில் குரல் கொடு. பிறகு கழியை நீட்டு. எட்டாவிடில் கயிறு கட்டிய மிதவையை எறி. ஆழமற்ற இடமாயின் பிடிமானத்தோடு நடந்து செல். படகிருந்தால் படகில் செல். இவை எதுவும் ஆகாதபோதே நீந்து. அப்பொழுதும் வெறுங்கையோடு செல்லாதே; மிதவையோடு செல். தவிப்பவர் உன்னைக் கட்டிப்பிடிக்க விடாதே. மிதவையை அவர் கையில் கொடுத்து, நீ விலகி நின்று இழு. ஒருவேளை பிடித்துவிட்டால், நீருக்குள் அமிழ்ந்து விடுவித்துக்கொள். காவடிக்குப் பயன்படும் மூங்கிலும், வாய் இறுக மூடிய காலி எண்ணெய்ப் புட்டியும்கூட உயிர்காக்கும் கருவிகளாகும் என்று பயிற்றுநர் காட்டியபோது, ஆலயப் பண்டகசாலையில் எத்தனை உயிர்கள் உறங்குகின்றன என்று எண்ணிக்கொண்டேன்.

இந்த வரிசை எவ்வளவு முக்கியம் என்பதை இரண்டு நிகழ்ச்சிகள் உணர்த்தும். 2023ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள், பங்குனி உத்திரத்தையொட்டி, சென்னை நங்கநல்லூர் தர்மலிங்கேசுவரர் ஆலயத் தீர்த்தவாரி மூவரசம்பட்டுக் குளத்தில் நடைபெற்றது. பல்லக்கோடு இறங்கியவர்கள் இளம் அர்ச்சகர்களும் தொண்டர்களும். ஒருவர் ஆழத்தில் சிக்கினார். அருகிலிருந்தவர் அவரைப் பற்ற முயன்றார். அவரைக் காக்க மற்றொருவர் சென்றார். அன்று ஐந்து இளைஞர்கள் உயிரிழந்தனர். எல்லோரும் வாழ வேண்டிய வயதினர். கோழைகள் அல்லர், ஒருவருக்காக ஒருவர் கைநீட்டியவர்கள். அந்தக் கரையில் ஒரு நீண்ட கழியும், கயிறு கட்டிய ஒரு மிதவையும், அவற்றைக் கையாளத் தெரிந்த ஒருவரும் ஆயத்தமாக நின்றிருந்தால் என்று எண்ணாத ஆலயத் தொண்டர் எவரும் இருக்க முடியாது.

மற்றொன்று நம் சிலாங்கூரிலேயே நிகழ்ந்தது. 2018ஆம் ஆண்டு அக்டோபர் 3ஆம் நாள், பூச்சோங் அருகே தாமான் புத்ரா பெர்டானாவில், பழைய ஈயக்குட்டையில் விழுந்த பதினேழு வயதுச் சிறுவனைத் தேடச் சென்ற தீயணைப்பு மீட்புப் படை வீரர்கள் அறுவர் உயிர் நீத்தனர். அவர்கள் பயிற்சி பெற்றவர்கள், கருவிகள் கொண்டிருந்தவர்கள், ஒரே கயிற்றில் பிணைந்து இறங்கியவர்கள். நீரின் வேகம் அவர்களையும் விடவில்லை. பயிற்சி பெற்றால் எதுவும் நேராது என்று எவரும் எண்ணிவிடலாகாது என்பதற்காகவே இதனை எழுதுகிறேன். நல்ல பயிற்சி, "இப்போது இறங்காதே" என்று சொல்லும் துணிவையும் தரவேண்டும். மார்பு தட்டும் பிள்ளையைவிட, தயங்கிக் கணக்குப் பார்க்கும் பிள்ளையே இதற்கு ஏற்றவன். தேர்ந்தெடுக்கும் நிர்வாகத்தினர் இதனை நினைவிற்கொள்க.

மூன்றாவது பாடம், கரை சேர்த்த பின் செய்வது. நம் ஊர்களில் மூழ்கியவரை எடுத்தவுடன் தலைகீழாகத் தூக்குவதும், குப்புறக் கிடத்தி முதுகில் குத்துவதும், வயிற்றை அழுத்தித் தண்ணீர் எடுப்பதும் வழக்கமாயிருக்கின்றன. இவை உதவா, வயிற்றிலுள்ளது மேலெழுந்து நுரையீரலுக்குள் செல்லவும், பொன்னான நேரம் வீணாகவுமே துணைபுரியும். மல்லாக்கக் கிடத்தி, மூச்சு இல்லையாயின் முதலில் வாய்வழியாகக் காற்றை ஊத வேண்டும். பிறகு மார்பின் நடுவில் ஐந்து சென்டிமீட்டர் ஆழம் அமிழுமாறு, நிமிடத்துக்கு நூறு முதல் நூற்றிருபது என்ற கணக்கில் முப்பது முறை அழுத்தி, இரண்டு முறை ஊத வேண்டும். உதவி வரும்வரை இதனைத் தொடர வேண்டும். மாரடைப்புக்கு மார்பை அழுத்தினாலே போதும் என்று தொலைக்காட்சியில் காட்டுகிறார்கள். மூழ்கியவருக்கு நேர்ந்த கேடு காற்றின்மையால் வந்தது. ஆகவே காற்றைக் கொடாமல் அழுத்துவது போதாது. எழுந்து அமர்ந்து "எனக்கு ஒன்றுமில்லை" என்று சொல்பவரையும் மருத்துவமனைக்கு அனுப்பியாக வேண்டும். நுரையீரலுக்குள் சென்ற நீர் சில மணி நேரம் கழித்துக்கூடத் தொல்லை தரும். படித்தவுடன் இதெல்லாம் கைவந்துவிடாது. பொம்மையின்மேல் நூறு முறை பழகிய கைக்கே அச்சம் நேரும் வேளையில் நினைவு வரும்.

மகளிரை ஏன் அனுப்ப வேண்டும் என்று கேட்கிறார்கள். தீர்த்தமாட வருவோரில் தாய்மார்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் கேள்வி எழாது. ஆறு கெசம் சேலை நனைந்தால் எவ்வளவு கனக்கும், காலை எவ்வாறு சுற்றும் என்பதை ஆண்கள் அறியார். விரதமிருந்து வெறும் வயிற்றோடு வெயிலில் நடந்து வந்தவர், குளிர்ந்த நீரில் இறங்கியதும் மயங்குவதுண்டு. அந்நிய ஆடவர் தொடுவரே என்று கூசி, உதவியை மறுத்தவர்களும் உண்டு. பெண்கள் பகுதியில் நிற்கப் பெண் காவலரே வேண்டும். நீச்சல் உடையைப் பற்றிப் பெற்றோர் தயங்குகின்றனர். முழுக்கை, முழுக்கால் நீச்சல் உடைகள் இப்போது எளிதில் கிடைக்கின்றன. மலாய்ச் சகோதரிகள் பலர் அவற்றை அணிந்தே நீந்துகின்றனர். அத்தயக்கத்துக்கு இனி இடமில்லை.

சான்றிதழ் பெற்றதோடு முடிந்துவிடுவதுமில்லை. அதற்குக் காலவரம்பு உண்டு. குறித்த ஆண்டுகளில் புதுப்பிக்க வேண்டும். குளத்துக்கான தகுதி கடலுக்குச் செல்லாது. கடற்கரைக்குத் தனிப் பயிற்சி உண்டு. நம் சேற்றுக் கரைக்கோ எந்த நூலிலும் முழுப் பாடமில்லை. சான்றிதழ் பெற்ற பிள்ளைகளை உள்ளூர் மீனவர் ஒருவரோடு ஏற்றத்திலும் வற்றிலும் இரண்டு மூன்று முறை கரையைச் சுற்றிவரச் செய்தோம். சேற்றில் கால் புதைந்தால் துள்ளாதே; பின்புறம் சாய்ந்து உடல் கனத்தைப் பரப்பி, ஒவ்வொரு காலாக மெல்ல உருவு என்பதை அவர்தான் கற்பித்தார். பயிற்றுநர் கட்டணம் பெற்றார். மீனவரோ பொங்கல் பிரசாதம் மட்டும் பெற்றுக்கொண்டார்.

செலவைப் பற்றி உபயகாரர்களுக்கு ஒரு சொல். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் நீரில் மூழ்கி மாண்டனர். ஏறக்குறையப் பாதிப்பேர் முப்பது வயதைக்கூட எட்டாதவர்கள். எங்கள் ஆலயத்தில் மூவரின் பயிற்சிக்கும் பயணத்துக்கும் மிதவை, கயிறு முதலியவற்றுக்கும் ஆன தொகை, அவ்வாண்டு மின் அலங்காரத்துக்கு ஒதுக்கிய தொகையில் பாதிக்கும் குறைவு. மின் விளக்கின் அடியில் பெயர்ப்பலகை வைக்கலாம், மிதவையில் பெயர் எழுத இடமில்லையே என்று ஒரு புரவலர் நகைச்சுவையாகக் கேட்டார். இடமிருக்கிறது. சிவப்பு மிதவையில் வெள்ளை எழுத்து நன்றாகவே தெரியும். மண்டகப்படி, அன்னதானம், பூவலங்காரம் என்று அழைப்பிதழில் வரும் உபய வரிசையில், "தீர்த்தக் காவல் உபயம்" என்று ஒன்றைச் சேர்த்துவிட்டோம். முதல் ஆண்டில் கேட்பாரில்லை. இப்போது முன்பதிவு செய்கிறார்கள்.

பிற ஆலயத்தார் அறியும்பொருட்டு எங்கள் ஏற்பாட்டையும் கூறிவிடுகிறேன். தீர்த்தமாடும் எல்லையை இரு கொடிகளால் குறிக்கிறோம். இடுப்பளவு நீருக்கு அப்பால் கயிறு கட்டுகிறோம். சுவாமி நீரில் இறங்கும்போது பல்லக்கோடு செல்வோர் தவிர மற்றவர் பதினைந்து நிமிடம் கரையில் காத்திருக்க வேண்டும். குழந்தைகளின் கையைப் பெற்றோர் விடலாகாது. கதிரவன் மறைந்த பின் எவரும் நீரில் இறங்குவதில்லை. அப்போது தாமதமாக வந்தவர்கள் மேல் குடத்து நீர் தெளிக்கப்படும். காவலர் மூவரும் மஞ்சள் சட்டை அணிந்து, சுவாமிக்கு முதுகு காட்டி, நீரை நோக்கியே நிற்பார்கள். முதலாண்டில் இதனைக் கண்டு முகம் சுளித்தவர்கள் உண்டு. தீபாராதனை முடிந்ததும் குருக்களே தட்டோடு நீரோரம் நடந்து சென்று, அவர்கள் தலை திருப்ப வேண்டாமல், நின்ற இடத்திலேயே திருநீறு இட்டுவிட்டு வருகிறார்.